ஃப்யூச்சரிஸ்ட்: ஜோசியர் இல்லன்னா அப்புறம் யாரு?

‘ஃப்யூச்சரிஸ்ட்’ என்று ஒரு வேலை இருக்கிறது, தெரியுமா? மாசச் சம்பளம் உண்டு, விசிட்டிங் கார்டு உண்டு, போர்டு மீட்டிங்கில் ஒரு நாற்காலியும் உண்டு. இன்டெல் ஒருவரை வைத்திருந்தது. ஃபோர்டு கார் கம்பெனி ஒருவரை வைத்திருந்தது. சேல்ஸ்ஃபோர்ஸில் ‘சீஃப் ஃப்யூச்சர்ஸ் ஆஃபீசர்’ என்றே ஒரு பதவியை உருவாக்கினார்கள். ஷெல் எண்ணெய் நிறுவனம் இந்த வேலைக்கென்றே அரை நூற்றாண்டாக ஒரு டீம் வைத்திருக்கிறது.

கேட்ட உடனே நமக்குத் தோணுறது ஒண்ணுதான். “நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் எதுக்குச் சம்பளம்?” நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதுக்கான பதில்தான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நல்ல ஃப்யூச்சரிஸ்ட் யாரும் “2040ல இதுதான் நடக்கும்” என்று அடித்துச் சொல்வதில்லை. “2040 இந்த மூணு நாலு விதமா இருக்க வாய்ப்பு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் உங்க கம்பெனி என்ன ஆகும்? அப்படின்னா இன்னைக்கு நீங்க எடுக்கப்போற முடிவு சரியா?” என்றுதான் கேட்கிறார். கவனிங்க, பேச்சு 2040ல ஆரம்பிச்சாலும் இன்னைக்குத்தான் வந்து நிக்குது. பணத்தை, ஆட்களை, நேரத்தை இன்னைக்கு எதில் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

ஒரு சிப் கம்பெனிக்கு இது எதுக்கு?

இன்டெலையே எடுத்துக்குங்க. ஒரு புது சிப்பை யோசித்து, டிசைன் பண்ணி, தயாரித்து, கடைக்குக் கொண்டு வர 5 முதல் 10 வருஷம் ஆகும். அதாவது இன்னைக்கு டிசைன் டேபிளில் இருக்கும் சிப், நாம ஃபர்ஸ்ட் இயரில் பார்த்த உலகத்துக்கானது இல்ல. நாம வேலையில் சேர்ந்து, ஈஎம்ஐ கட்ட ஆரம்பித்த பிறகு வரப்போகிற உலகத்துக்கானது. அப்போ மக்கள் கம்ப்யூட்டரை மேஜையில் வைத்திருப்பார்களா, பாக்கெட்டில் வைத்திருப்பார்களா, கையில் கட்டியிருப்பார்களா? இது தெரியாமல் எவ்வளவு பவர் எடுக்கலாம், எவ்வளவு சூடாகலாம் என்று எப்படி முடிவு பண்ணுவது?

இன்டெலில் பிரையன் டேவிட் ஜான்சன் பார்த்த வேலை இதுதான். 10, 15 வருஷம் தள்ளி மக்கள் கம்ப்யூட்டரோடு எப்படி வாழ்வார்கள் என்பதை ஒரு மாதிரியாக வரைந்து இன்ஜினியர்களிடம் கொடுப்பது. அவர் பயன்படுத்திய ஒரு முறைக்குப் பெயர் சயின்ஸ் ஃபிக்ஷன் ப்ரோட்டோடைப்பிங். ஒரு டெக்னாலஜியை எடுத்து, அதை வைத்து ஒரு சிறுகதை எழுதுவது. கதையில் ஒரு மனுஷன் இருப்பான், அவனுக்கு ஒரு வீடு இருக்கும், ஒரு பிரச்சினை வரும். அந்த டெக்னாலஜி அவனுக்கு எங்கே உதவுது, எங்கே படுத்துது என்று கதைக்குள் தெரிந்துவிடும். ஸ்பெக் ஷீட்டில் அது தெரியாது.

அதே இன்டெலில் ஜெனீவீவ் பெல் என்ற மானுடவியலாளரும் பல வருஷம் வேலை பார்த்தார். பல நாடுகளில் வீடுகளுக்குப் போய், ஜனங்க டெக்னாலஜியை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது அவருடைய வேலை. சிப் கம்பெனியில் கதை எழுதுபவரும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவரும் ஏன் இருந்தாங்கன்னு இப்போ புரியுதா? டிரான்சிஸ்டர் எண்ணிக்கை எப்படி ஏறும் என்பதை அவர்கள் ஏற்கனவே ஓரளவு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மனுஷன் என்ன செய்வான் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

சினிமாவிலிருந்து வந்த வார்த்தை

இந்தத் தொழில் சிலிக்கான் வேலியில் பிறக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத்துக்காக ஆய்வு செய்த ராண்ட் நிறுவனத்தில்தான் இதன் வேர் இருக்கிறது. அணு ஆயுதப் போர் எப்படி ஆரம்பிக்கும், எப்படிப் போகும் என்று யோசிக்க வேண்டிய வேலை. இதுக்கு முன்னாடி நடந்த டேட்டா எதுவும் கிடையாது. டேட்டா இல்லாத விஷயத்தை எப்படி ஆராய்வது?

அங்கே இருந்த ஹெர்மன் கான் சினிமா உலகிலிருந்து ஒரு வார்த்தையைக் கடன் வாங்கினார்: சினாரியோ, நம்ம பாஷையில் திரைக்கதை. “இப்படி ஆரம்பிச்சா, அடுத்து இவன் இப்படிப் பண்ணுவான், அதுக்கு அவன் இப்படிப் பண்ணுவான்” என்று ஒன்றுக்கு மேற்பட்ட கதைகளை எழுதிப் பார்ப்பது. எது நடக்கும் என்று சொல்வதை விட, எதையெல்லாம் யோசிக்காமல் விட்டுவிட்டோம் என்று கண்டுபிடிக்க இது உதவியது. பிறகு 1961ல் கான் ஹட்சன் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பித்தார்.

ராண்டில் பிறந்த இன்னொரு முறை டெல்ஃபை. ஒரு ரூமில் பத்து நிபுணர்களை உட்கார வைத்தால் என்ன ஆகும்? சீனியர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூ மாதிரியேதான். டெல்ஃபையில் யாரும் நேரில் சந்திப்பதில்லை. ஒவ்வொருவரும் பெயர் சொல்லாமல் பதில் எழுதித் தருவார்கள். எல்லாப் பதில்களின் தொகுப்பும் காரணங்களோடு எல்லோருக்கும் திரும்பிப் போகும். படித்துவிட்டு, வேண்டுமானால் தன் பதிலை மாற்றிக்கொள்ளலாம். இப்படி இரண்டு மூன்று சுற்று. பதவிக்காக இல்லாமல் காரணத்துக்காக மனசு மாற வாய்ப்பு கொடுப்பதுதான் இதன் பலம்.

ஷெல்: கம்ப்யூட்டர் சொல்லாததைச் சொன்னவர்

கம்பெனி உலகத்துக்குள் இது பெரிதாக வந்தது ஷெல் வழியாக. 1965ல் ஷெல் பெரிய அளவில் ஒரு திட்டமிடல் முறையைக் கொண்டு வந்தது. அடுத்த ஆறு வருஷத்துக்கான எண்ணெய்த் தேவை, உற்பத்தி, முதலீடு எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் தரும். எண்ணெய்த் தொழில் பல வருஷமாக ஒரே சீராக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் கணக்கு ரொம்ப எளிது: நேத்து எப்படியோ நாளைக்கும் அப்படி. கிராஃபில் கோட்டை அப்படியே நீட்டினால் போதும்.

அந்த நேரத்தில்தான் பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஷெல்லின் திட்டக் குழுவுக்கு வந்தார். அவரும் டெட் நியூலாண்டும் இன்னும் சிலரும் எண்ணெய் விலையைப் பற்றி வேறு மாதிரி யோசித்தார்கள். கிராஃபைப் பார்க்காமல், எண்ணெய் வைத்திருக்கிற நாடுகளின் இடத்தில் நின்று பார்த்தார்கள்.

சவூதி அரேபியா மாதிரி ஒரு நாட்டை எடுத்துக்குங்க. அன்றைக்கு அதன் மக்கள்தொகை குறைவு. வருகிற பணத்தையே முழுசாகச் செலவழிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நாடு ஏன் உலகத்தின் தேவைக்கு ஏற்ப உற்பத்தியை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்? எண்ணெய் மண்ணுக்குள் இருந்தால் நாளைக்கு இன்னும் அதிக விலைக்குப் போகும். ஈரானுக்கு வேறு கணக்கு: மக்கள்தொகை அதிகம், பணம் தேவை, ஆனால் எண்ணெய் இருப்பு என்றைக்கும் இருக்காது. அதற்கு உற்பத்தியை விட விலை ஏறுவது முக்கியம். இன்னொரு பக்கம் அமெரிக்காவின் சொந்த உற்பத்தி 1970ல் உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. ஜப்பானும் ஐரோப்பாவும் இறக்குமதியைக் கூட்டிக்கொண்டே இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே முடிவுதான். விலை ஏறும். எந்தத் தேதியில் என்று தெரியாது, ஆனால் ஏறாமல் இருக்கக் காரணமே இல்லை.

வாக் இதை விளக்கக் கங்கையை உதாரணம் சொன்னார். மலையில் பெருமழை பெய்துவிட்டால், இரண்டு நாளில் ரிஷிகேஷிலும், அதற்குச் சில நாளில் அலகாபாத்திலும், பிறகு காசியிலும் வெள்ளம் வரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. மழை ஏற்கனவே பெய்துவிட்டது, தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. கபினி நிறைஞ்சா அடுத்து ஒகேனக்கல்லில் குளிக்கத் தடைன்னு நியூஸ் வருதே, அதே லாஜிக். இந்த மாதிரி ‘ஏற்கனவே பெய்துவிட்ட மழை’ எது, இன்னும் முடிவாகாத விஷயம் எது என்று பிரிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். அவருடைய டீம் முதலில் போட்ட சினாரியோக்கள் தோல்வி. தப்பாக இருந்ததால் இல்லை. “விலை ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம்” என்ற மாதிரி எல்லாப் பக்கமும் கதவைத் திறந்து வைத்திருந்தன. மேனேஜர்கள் படித்தார்கள், “நல்லா இருக்கு” என்றார்கள், பழையபடியே வேலையைப் பார்த்தார்கள். வாக் அங்கேதான் தன் வேலை என்ன என்று புரிந்துகொண்டார். ரிப்போர்ட் எழுதுவது வேலை இல்லை. முடிவெடுப்பவரின் மண்டைக்குள் இருக்கிற உலகப் படத்தை மாற்றுவதுதான் வேலை.

அதனால் 1972ல் அவர்கள் வேறு விதமாகப் போனார்கள். “எதுவும் மாறாதுன்னு நீங்க நம்பறீங்க. சரி, அப்படி மாறாம இருக்கணும்னா என்னென்ன நடக்கணும்?” என்று பட்டியல் போட்டுக் காட்டினார்கள். புதுசு புதுசாகப் பெரிய எண்ணெய் வயல்கள் கிடைக்கணும், எல்லா நாடுகளும் தங்கள் நலனை விட்டுக்கொடுத்து உற்பத்தியை ஏத்தணும், நடுவில் போர், சண்டை எதுவும் வரக்கூடாது. படிக்கப் படிக்க மேனேஜர்களுக்கே தெரிந்தது: தாங்கள் சாதாரணம் என்று நினைத்த எதிர்காலத்துக்குத்தான் மூன்று நான்கு அதிசயம் தேவை.

1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர். எண்ணெய்த் தடை வந்தது. பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. ஷெல்லில் எல்லோரும் முன்கூட்டியே தயாராக இருந்தார்கள் என்று சொன்னால் பொய். முழுசாக நம்பியவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அடி விழுந்தபோது “இது தற்காலிகம், சரியாயிடும்” என்று சொல்லிக் காத்திருக்கும் நிலையில் ஷெல் இல்லை. இந்தப் படத்தை அவர்கள் ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருந்தார்கள். எண்ணெய்த் தேவை பழைய வேகத்தில் வளராது என்று சீக்கிரமே ஒப்புக்கொண்டு, புது ரிஃபைனரிகளுக்கான முதலீட்டைக் குறைத்தார்கள். பழைய கிராஃபை நம்பியவர்கள் கட்டிக்கொண்டே போனார்கள்.

வேலை எப்படி நடக்குது?

ஒவ்வொருத்தரும் வேறு வேறு பெயர் வைத்தாலும் அடிப்படையில் படிகள் இவைதான்.

முதல் படி, கேள்வியைக் குறுக்குவது. “எதிர்காலம் எப்படி இருக்கும்?” என்பது கேள்வியே இல்லை. “அடுத்த அஞ்சு வருஷத்துல இந்த ஃபேக்டரியைக் கட்டலாமா வேண்டாமா?” என்பது கேள்வி.

இரண்டாவது, சிக்னல் தேடுவது. பேட்டன்ட், ஆராய்ச்சிக் கட்டுரை, சின்ன ஸ்டார்ட்அப், புதுச் சட்டம், பள்ளிக்கூடப் பசங்களின் பழக்கம் என்று ஓரத்தில் நடக்கிற சின்ன மாற்றங்கள்.

மூன்றாவது, ஏற்கனவே பெய்த மழையையும் முடிவாகாததையும் பிரிப்பது. 2040ல் 20 வயது ஆகப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கனவே பிறந்துவிட்டார்கள். அது நிச்சயம். அவர்கள் என்ன வாங்குவார்கள் என்பது நிச்சயம் இல்லை.

நான்காவது, முடிவாகாதவற்றில் ரொம்ப முக்கியமான இரண்டை எடுத்து எக்ஸ் ஆக்சிஸ், ஒய் ஆக்சிஸ் போடுவது. நாலு கட்டம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் ஓர் உலகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கதை.

ஐந்தாவது, நாலு உலகத்திலும் தாங்குகிற முடிவு எது, ஒரே ஒரு உலகத்தில் மட்டும் பலிக்கிற சூதாட்டம் எது என்று பார்ப்பது.

ஆறாவது, மைல்கல் வைப்பது. “இது நடந்தா நாம மூணாவது உலகத்தை நோக்கிப் போறோம்னு அர்த்தம்” என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. பிறகு வருஷா வருஷம் எடுத்துப் பார்ப்பது.

வாங்க, கோடாக்குக்குப் போட்டுப் பார்க்கலாம்

வெறும் தியரியா இருந்தா மண்டையில நிக்காது. நிஜக் கதை ஒண்ணை எடுத்துக்கலாம்.

1975 டிசம்பர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் கோடாக் கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஒரு கேமராவைச் செய்து முடித்தார். வயது 25. நம்மை விட நாலு வயசுதான் அதிகம். அந்தக் கேமராவில் ஃபிலிம் இல்லை. 100-க்கு 100 பிக்சல் சிசிடி சென்சார், அதாவது 0.01 மெகாபிக்சல். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிவு செய்ய 23 விநாடி ஆனது. பார்ப்பதற்கு டிவி தேவை. இதுதான் உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா. அடுத்த வருஷமே அதே கோடாக்கில் பிரைஸ் பேயர் ஒரு கலர் ஃபில்டர் அமைப்புக்குப் பேட்டன்ட் வாங்கினார். இன்னைக்கு உங்க போன் கேமரா உட்பட பெரும்பாலான சென்சார்களில் இருப்பது அந்த பேயர் ஃபில்டரின் வம்சம்தான்.

“இது எப்போ ஃபிலிமுக்குப் போட்டியா வரும்?” என்று மேலதிகாரிகள் சாசனிடம் கேட்டார்கள். அவர் மூர் விதியை எடுத்துக்கொண்டார். சாதாரண மக்களுக்குத் தேவையான பிக்சல் எண்ணிக்கையை அந்த வேகத்தில் கணக்குப் போட்டு, 15 முதல் 20 வருஷம் என்றார். நம்ம பாஷையில் சொன்னால், சென்சாரும் ஒரு சிப்தான், சிப் மலிவாவது பெய்து முடித்த மழை.

1981ல் சோனி ‘மாவிகா’ என்ற எலெக்ட்ரானிக் கேமராவை அறிவித்தது. கோடாக்கில் மார்க்கெட் ஆய்வுக்குத் தலைவராக இருந்த வின்ஸ் பராபா ஒரு பெரிய ஆய்வு செய்தார். டிஜிட்டல் ஃபிலிமை இடம்பெயர்க்கும் சக்தி கொண்டது, ஆனால் கோடாக்குக்குத் தயாராகக் கிட்டத்தட்ட பத்து வருஷ அவகாசம் இருக்கிறது என்பது முடிவு. எதையெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது: கருவிகளின் விலை, படத்தின் தரம், ஒரு கம்பெனியின் கருவி இன்னொன்றோடு ஒத்துப்போவது. நம்ம ஆறாவது படி ஞாபகம் வருதா?

இப்போ நாம 1981ல் கோடாக்கின் ஃப்யூச்சரிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். விடை தெரிஞ்ச பிறகு போடற கணக்குதான், ஆனாலும் முறையைப் புரிஞ்சுக்க உதவும். முடிவாகாத இரண்டு விஷயம்: டிஜிட்டல் தரம் சீக்கிரம் வருமா, மெதுவாக வருமா? மக்கள் படத்தைக் காகிதத்தில் வைத்துக்கொள்வார்களா, திரையில் பார்ப்பார்களா?

மெதுவாக வந்து, மக்கள் காகிதத்தையே விரும்பினால், அது ‘ஆல்பம் உலகம்’. ஃபிலிம் ராஜ்ஜியம் தொடரும். கோடாக்குக்குக் கொண்டாட்டம்.

மெதுவாக வந்து, மக்கள் திரைக்கு மாறினால், அது ‘டிவி உலகம்’. ஃபிலிமில் எடுத்து, டிவியில் போட்டுப் பார்ப்பார்கள். கோடாக் 1990களின் ஆரம்பத்தில் கொண்டு வந்த ஃபோட்டோ சிடி இந்த உலகத்துக்கான பொருள்.

சீக்கிரம் வந்து, மக்கள் காகிதத்தை விடாவிட்டால், அது ‘பிரின்டர் உலகம்’. இங்க்கும் பேப்பரும் விற்கலாம். 2007ல் கோடாக் வீட்டு இங்க்ஜெட் பிரின்டர் விற்பனையில் இறங்கியது இந்த உலகத்தை நம்பித்தான்.

சீக்கிரம் வந்து, திரைக்கும் மாறிவிட்டால்? ஃபிலிம் வேண்டாம், பேப்பர் வேண்டாம், கழுவ வேண்டாம், இங்க் வேண்டாம். ‘விற்க ஒண்ணுமில்லாத உலகம்’. நாம இப்போ வாழறது இதில்தான். கேலரியில் ஆயிரக்கணக்கில் போட்டோ இருக்கு, கடைசியா எப்போ பிரின்ட் போட்டீங்க?

பார்த்தும் ஏன் நகரலை?

“கோடாக் டிஜிட்டலைக் கவனிக்கலை, அதான் போச்சு” என்று மோட்டிவேஷன் ஸ்பீச்சுகளில் கேட்டிருப்பீங்க. அது சரியில்லை. கண்டுபிடித்ததே அவர்கள்தான். ஆய்வு செய்தார்கள். டிஜிட்டலில் பெரும் பணமும் போட்டார்கள். 2005ல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில் இருந்ததும் கோடாக்தான். கண்ணு தெரிஞ்சுது. கால்தான் நகரலை.

காரணம் பணம் வரும் வழி. கேமரா விற்பதில் கோடாக்குக்குப் பெரிய லாபம் இல்லை. ஃபிலிம், கழுவும் கெமிக்கல், பேப்பர் என்று ஒவ்வொரு க்ளிக்குக்கும் திரும்பத் திரும்பக் காசு வந்தது. டிஜிட்டலில் கேமரா ஒருமுறை விற்றால் அத்தோடு சரி, அந்த விற்பனையிலும் லாபம் சொற்பம். நன்றாக ஓடுகிற ஃபிலிம் பிரிவின் மேனேஜரிடம் போய் “பத்து வருஷத்துல உங்க டிபார்ட்மென்ட் இருக்காது, அதனால இப்பவே உங்க பட்ஜெட்டை அந்த நஷ்டத்துல ஓடற டீமுக்குக் கொடுங்க” என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்? பத்து வருஷ அவகாசம் என்று சொன்னதே “அப்போ இன்னும் டைம் இருக்கு” என்று ஆகிவிட்டது.

இதோட விலை ஒரு கம்பெனியின் பெயர் மட்டும் இல்லை. 1988ல் உலகம் முழுக்க சுமார் 1,45,000 பேர் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். ராச்செஸ்டர் நகரத்தில் மட்டும் 1980களின் ஆரம்பத்தில் 60,000 பேர். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டபோது அந்த நகரத்தில் மிஞ்சியது 7,000 பேர் அளவுதான். அதில் ஃபிலிம் கெமிஸ்ட்ரியில் இருபது வருஷ அனுபவம் உள்ள இன்ஜினியர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசிங்க. அவர்களுடைய வேலையில் குறை இல்லை. அந்த வேலைக்கே உலகத்தில் இடம் இல்லாமல் போனது.

அதே வெள்ளம் ஜப்பானின் ஃபுஜிஃபிலிமையும் அடித்தது. அவர்கள் கேட்ட கேள்வி வேறு: “ஃபிலிம் போனா போகட்டும், ஃபிலிம் செய்யக் கத்துக்கிட்டதில் நமக்குக் கையில இருக்கறது என்ன?” ஃபிலிமின் முக்கியப் பொருள் ஜெலட்டின், அது கொலாஜனிலிருந்து வருவது. போட்டோ மங்காமல் இருக்க ஆன்டிஆக்சிடன்ட் வேதியியல் தெரியும். இரண்டும் தோலுக்கும் பொருந்தும். 2007ல் ‘அஸ்டாலிஃப்ட்’ என்ற அழகுசாதனப் பொருட்களைக் கொண்டு வந்தார்கள். மெல்லிய, சீரான ஃபிலிம் செய்யும் திறமை எல்சிடி திரைகளுக்கான ஃபிலிமுக்குப் போனது. மருத்துவக் கருவிகள், மருந்து என்றும் விரிந்தார்கள். ஆனால் இதை அழகான கதையாக மட்டும் சொல்லக் கூடாது. ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கான வேலைகளை அவர்களும் வெட்டினார்கள். கம்பெனி தப்பித்தது, எல்லோரும் தப்பிக்கவில்லை.

ஆக, ஃப்யூச்சரிஸ்ட்டின் வேலையில் பாதிதான் பார்ப்பது. மீதிப் பாதி, பார்த்ததை வைத்து யாரோ ஒருவர் பட்ஜெட்டை மாற்றும்படி செய்வது. இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

யாரை நம்பறது?

இந்தத் துறையில் கதை விடுகிறவர்களும் நிறைய. பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் 284 நிபுணர்களின் கணிப்புகளைப் பல வருஷம் சேகரித்து, உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டு 2005ல் புத்தகமாக வெளியிட்டார். “இப்போ இருக்கிற மாதிரியே தொடரும்” என்ற மாதிரி எளிய விதிகளைக்கூட பெரும்பாலான நிபுணர்களால் பெரிதாக ஜெயிக்க முடியவில்லை. டிவியில் அடிக்கடி வருகிற பிரபலங்கள் இன்னும் மோசம். ஒரே பெரிய கொள்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களை விட, பல பக்கம் பார்த்து, “ஒருவேளை நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்” என்று சொல்கிறவர்கள் மேலாக இருந்தார்கள்.

இன்ஸ்டிட்யூட் ஃபார் த ஃப்யூச்சர் அமைப்பின் தலைவராக இருந்த ராய் அமாரா சொன்ன ஒரு கருத்தும் இங்கே உதவும். ஒரு டெக்னாலஜி சீக்கிரத்தில் என்ன செய்யும் என்பதைக் கூட்டி மதிப்பிடுகிறோம், நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்பதைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது அதன் சாரம்.

அதனால் அடுத்த தடவை யாராவது ஸ்டேஜில் ஏறி “இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லாமே மாறிடும்” என்று சொன்னால் மூணு கேள்வி கேளுங்க. எந்தத் தேதிக்குள், எந்த அளவுக்கு என்று சொல்கிறாரா? எது நடந்தால் தன் கணிப்பு தப்பு என்று ஒத்துக்கொள்வார்? இதை நாம நம்பினால் அவருக்கு ஏதாவது விற்க இருக்கிறதா?

சரி, நமக்கு என்ன?

நம்மில் பலர் இப்போ இருக்கிற கேள்வி ஒண்ணுதான்: எந்த டொமைன்ல போறது? ஏஐ கோடு எழுதுது, அப்போ நாம எழுதக் கத்துக்கிட்டது வீணா? கோர் கம்பெனியா, ஐடியா? ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடற பேச்சு இதுதான். பெரும்பாலும் அது “எல்லாம் போச்சு” என்ற ஒரு கதையிலோ “ஒண்ணும் ஆகாது” என்ற இன்னொரு கதையிலோ முடிந்துவிடும். ரெண்டுமே கோட்டை நீட்டிப் போடுகிற கிராஃப்தான்.

ஒரு சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து மேலே சொன்ன ஆறு படியைப் போட்டுப் பாருங்க. கேள்வியைச் சின்னதாக்குங்க: “அடுத்த ஆறு மாசம் என்ன கத்துக்கறது?” ஏற்கனவே பெய்த மழையைத் தனியாக எழுதுங்க: வழக்கமான, திரும்பத் திரும்ப எழுதுகிற கோடை மெஷின் எழுதும், அது திரும்பிப் போகாது. முடிவாகாததை எழுதுங்க: அந்தக் கோடுக்குப் பொறுப்பேற்க மனுஷன் வேண்டும் என்று சட்டமும் கம்பெனிகளும் சொல்லுமா? புதுசாக ஃப்ரெஷர்களை எடுத்துப் பழக்கும் வழக்கம் நீடிக்குமா? நாலு கட்டம் போட்டு நாலு உலகத்துக்கும் பெயர் வைங்க. எல்லா உலகத்திலும் உதவுகிற திறமைகளைத் தேடுங்க. என் கணக்கில் அடிப்படை கணிதம், ஒரு சிஸ்டம் எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பது, தெளிவாக எழுதுவது என்ற மூன்றும் எந்தக் கட்டத்திலும் வீணாகவில்லை. உங்க பட்டியல் வேறாக வரலாம். கடைசியில் ரெண்டு மூணு மைல்கல்லைத் தேதி போட்டு எழுதி வைங்க. அடுத்த செமஸ்டரில் எடுத்துப் பாருங்க.

இதையே தொழிலாகச் செய்ய ஆசை இருந்தால், ‘ஃபோர்சைட்’ என்ற பெயரில் இதற்குப் படிப்பே இருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 1970களிலிருந்து முதுகலைப் படிப்பு நடத்துகிறது. ஆனால் இந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் இன்ஜினியர், மானுடவியலாளர், எழுத்தாளர், பத்திரிகையாளர் என்று பல வழியாக வந்தவர்கள்தான். ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொண்டு, இன்னும் நாலு துறையில் என்ன நடக்குது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

மீதிப் பாதிக்கு சாசனை ஞாபகம் வச்சுக்குங்க. 25 வயசுல அவர் போட்ட கணக்கு ஏறக்குறைய சரியாத்தான் இருந்தது. அந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்கிற நாற்காலியில் அவர் இல்லை. உங்க வாழ்க்கையைப் பொறுத்தவரை, கணக்குப் போடறதும் நீங்கதான், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கறதும் நீங்கதான்.